வீட்டில் ஆட்டிறைச்சி பர்கர்: இறுகாமலும் உதிராமலும் செய்வது எப்படி?

செந்தூல் இல்லத்தரசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை என்பதால், பிள்ளைகள் பர்கர் கேட்கும்போதெல்லாம் கோழியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் அவர்களுக்குச் சலித்துவிட்டது. வரும் பள்ளி விடுமுறையில் தங்கை குடும்பத்தாரும் வருகிறார்கள். ஆட்டிறைச்சியில் செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கோலா உருண்டையும் கட்லெட்டும் எனக்குக் கைவந்தவைதாம். ஆனால் அதே கொத்துக்கறியை, அதே மசாலாவோடு பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால், ஓரம் கறுத்து, உள்ளே இறுகி, நடுப்பகுதி மட்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. முட்டையையும் ரொட்டித்தூளையும் குறைத்துப் பார்த்தால் திருப்பும்போதே உதிர்ந்துவிடுகிறது. எந்தப் பாகத்தை வாங்குவது, கொழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும், மசாலாவை உள்ளே சேர்ப்பதா வெளியே வைப்பதா என்பதைச் செய்து பழகியவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டர்வொர்த் சமையற்காரர்

வணக்கம் சகோதரி. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுடைய பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கத் தட்டும் கறி வட்டு, இறுகுவதற்குக் காரணம் உப்பும் பிசைதலும். உதிர்வதற்குக் காரணம் சூடும் ஈரமும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அரைத்த கறியில் உப்பைச் சேர்த்துப் பிசையும்போது, தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் கரைந்து வெளியே வந்து, ஒரு கறித்துணுக்கை இன்னொன்றோடு ஒட்டவைக்கும் பசையாகிறது. சாசேஜ் வெட்டும்போது உதிராமல், கடித்தால் துள்ளுவதாக இருப்பது இந்தப் பசையால்தான். கோலா உருண்டைக்கும் கெபாபுக்கும் அந்தப் பிடிப்பு வேண்டும். பர்கருக்கு வேண்டாம். ஆகவே அரைத்த கறியில் உப்பைக் கலக்கவே கலக்காதீர்கள்; தட்டி வைத்த பேட்டியின் இரண்டு பக்கமும், கல்லில் போடுவதற்குச் சற்று முன்னால் மட்டும் தூவுங்கள். 150 கிராம் பேட்டிக்குக் கால் தேக்கரண்டி தூள் உப்பு போதும். முட்டையும் ரொட்டித்தூளும் பொட்டுக்கடலையும் இங்கே தேவையே இல்லை. நல்ல கறி, போதிய கொழுப்பு, குளிர்ச்சி ஆகிய மூன்றும் இருந்தால் அது தானாகவே சேர்ந்து நிற்கும்.

பாகம் என்று கேட்டால் தோள்பட்டைதான். அதில் கறியும் கொழுப்பும் கலந்தே இருப்பதால், 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் கொழுப்பு என்ற கணக்கு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். தொடைப் பகுதி மெலிந்த கறி. அதையே வாங்க நேர்ந்தால் நெஞ்சுப் பகுதியிலிருந்து கொஞ்சம் கொழுப்பை வெட்டிச் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். பேரங்காடிகளில் உறைந்த நிலையில் விற்கப்படும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டுத் தோள்பட்டை இதற்கு முற்றிலும் பொருந்தும். அதை முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். மேசையில் வைத்து உருக்க வேண்டாம்.

அரைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கறியை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டித் தட்டில் பரப்பி, ஓரங்கள் விறைக்கும்வரை உறைபெட்டியில் வைத்துவிட்டு, பெரிய துளைகள் கொண்ட தட்டில் ஒரே ஒருமுறை அரைக்க வேண்டும். நம் ஊர்ச் சமையலறைச் சூட்டில், வெறும் கையால் பிசையும்போதே கொழுப்பு இளகிக் கறியின்மேல் பூசிக்கொள்ளும். அப்படிப் பூசிய கொழுப்பு கல்லில் பட்டவுடன் எண்ணெயாக ஓடிவிடும். எஞ்சுவது வறண்ட கறி மட்டும். அரவை இயந்திரம் இல்லாதவர்கள், விறைத்த துண்டுகளை மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டலாம். விழுதாகிவிடக் கூடாது என்பது ஒன்றே கவனம்.

பேட்டி தட்டுவதற்கு அழுத்தம் வேண்டாம். உருண்டையாக எடுத்து, வெடிப்பு மூடும் அளவுக்கு மட்டும் ஒன்று சேர்த்து, 2 சென்டிமீட்டர் கனத்தில், பன்னைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தட்டுங்கள். வேகும்போது ஓரங்கள் முதலில் சுருங்கி நடுப்பகுதியை மேலே தள்ளுகின்றன. உங்களுக்கு உப்பியதன் காரணம் அதுதான். நடுவில் கட்டைவிரலால் ஆழமில்லாத ஒரு குழி வைத்துவிட்டால் வெந்தபின் சமமாகிவிடும். தட்டியவற்றை அரை மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நேராகக் கல்லுக்குக் கொண்டு செல்லுங்கள்.

பங்சார் அக்கா, கோலாலம்பூர்

சமையற்காரத் தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் கறியை மஞ்சள் போட்டு நான்கு தண்ணீரிலாவது அலசாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. கொத்துக்கறியைக் கூட வடிதட்டில் போட்டு அலசுவேன். நீங்கள் யாருமே கழுவுவதைப் பற்றிச் சொல்லவில்லை. கழுவாவிட்டால் அந்தக் கவிச்சை எப்படிப் போகும்? பிள்ளைகள் முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கெப்போங் ஆய்வகப் பணியாளர், கோலாலம்பூர்

அக்கா, உணவு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஆட்டு வாடை மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பொருளன்று. 4-மெத்தில் ஆக்டனாயிக், 4-எத்தில் ஆக்டனாயிக் போன்ற கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களே அந்த வாடையைத் தருகின்றன, அவை கொழுப்புக்குள் இருக்கின்றன. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் அவை போகமாட்டா. ஆட்டின் வயது ஏற ஏற வாடையும் ஏறுகிறது. அதனால்தான் ஓராண்டுக்கு உட்பட்ட குட்டியின் கறியில் வாடை குறைவாக இருக்கிறது. வாடை பிடிக்காதவர்கள் தோள்பட்டையின் வெளிப்புறத்தில் தடித்துக் கிடக்கும் வெள்ளைக் கொழுப்பைச் சீவிவிட்டு, தசைக்குள் ஓடும் கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் பெருமளவு தணிந்துவிடும். முழுவதையும் எடுத்துவிட்டால் பேட்டி வறண்டுபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரைத்த கறியை அலசுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கரையக்கூடிய புரதமும் சுவையும் தண்ணீரோடு போய்விடும். உள்ளே தங்கும் ஈரம் கல்லில் ஆவியாகி, கறியைச் சிவக்க விடாமல் வேகவைத்துவிடும். உதிர்வதற்கும் அதுவே காரணம். மனம் ஒப்பவில்லை என்றால், அரைப்பதற்கு முன் முழுத்துண்டாக இருக்கும்போதே மெதுவாக அலசி, சமையலறைத் தாளால் ஈரம் துளிகூட இல்லாமல் ஒற்றிவிட்டு, பிறகு வெட்டி அரையுங்கள். குழாயடியில் தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகளும் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் பரவும் என்பதால் அதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் இந்தப் பழக்கத்தை ஒரே பதிவில் மாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஜார்ஜ்டவுன் பாய், பினாங்கு

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சமையற்காரர் சொல்வது மேல்நாட்டு முறைக்குச் சரியாக இருக்கலாம். மசாலா இல்லாத கறியைப் பன்னுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தொடவே மாட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் பங்காக வரும் வெள்ளாட்டுக் கறி எங்களிடம் நிறையச் சேர்ந்துவிடும்; அதிலேயே நாங்கள் பர்கர் செய்கிறோம். வெள்ளாட்டில் கொழுப்பு மிகக் குறைவு. நீங்கள் சொன்னபடி உப்பில்லாமல், பிசையாமல், தடிமனாகத் தட்டினால் அது நிச்சயம் வறண்டு உதிரும்.

எங்கள் முறை இதுதான். கறியை இரண்டு முறை அரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை உப்பிட்டு ஒட்டப் பிழிந்து சேர்த்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம், கொத்தமல்லித் தழை, புதினா, வறுத்த பொட்டுக்கடலைப் பொடி, ஒரு கரண்டி நெய் ஆகியவற்றோடு கையில் ஒட்டும்வரை பிசைவோம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வைப்பதில்லை. மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் வெந்துவிடும், வறள்வதற்கு நேரமே இருக்காது. இதைக் கெபாப் என்று யாராவது சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்லை. பன்னில் வைத்துச் சாப்பிடுகிறோம், பிள்ளைகள் பர்கர் என்கிறார்கள்.

பன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரங்காடியில் கிடைக்கும் இனிப்புப் பன் ஆட்டிறைச்சிச் சாற்றில் ஊறிக் கையோடு வந்துவிடுகிறது. எங்கள் ஊர் ரொட்டி பெங்காலியைத் தடிமனான துண்டுகளாக வெட்டி, நெய் தடவிக் கல்லில் வாட்டி வையுங்கள். அந்த ரொட்டி கறிக்குழம்பில் தோய்த்தாலும் கரையாது. பர்கர் சாறு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பட்டர்வொர்த் சமையற்காரர்

பாய், வெள்ளாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி; என் முறை கொழுப்புள்ள செம்மறிக் குட்டியின் தோள்பட்டைக்கு மட்டுமே பொருந்தும். கையில் வெள்ளாட்டுக் கறி இருப்பவர்கள் உங்கள் வழியிலேயே போகலாம். அதையே தடிமனான பேட்டியாகச் செய்ய விரும்பினால், கிலோவுக்கு 150 கிராம் அளவில் செம்மறிக் கொழுப்பைச் சேர்த்து அரைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. பிள்ளைகள் விரும்புவது, கடித்தால் கறி பிரிந்து சாறு வரும் அந்தத் தன்மையை. பொட்டுக்கடலைப் பொடி அந்தச் சாற்றை எல்லாம் குடித்துவிடும். கெபாப் சுவையானதுதான், மறுக்கவில்லை. இந்த இழையைத் தொடங்கிய சகோதரியிடம் கெபாபும் உருண்டையும் ஏற்கெனவே நன்றாக வருகின்றன. அவருக்கு வராதது மற்றது. மசாலாவைச் சட்னியிலும் வெங்காயத்திலும் வைத்துவிட்டுக் கறியைக் கறியாக விடுங்கள் என்பதே என் வாதம். உள்ளே எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் வறுத்த சீரகமும் போதும். அவற்றையும் அரைப்பதற்கு முன், துண்டுகளின்மேல் தூவிவிட்டால் பிறகு கலக்க வேண்டிய தேவையே இராது.

பச்சை வெங்காயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பாய் பிழிந்து சேர்க்கிறார், அது சரி. பிழியாமல் சேர்த்தால், கறி சுருங்கும்போது வெங்காயம் தண்ணீரை விட்டு அந்த இடத்தில் வெடிப்பு விழும். பேட்டி அங்கேதான் முதலில் உடையும்.

செந்தூல் இல்லத்தரசி

இருவருக்கும் மிக்க நன்றி. கறி மெத்தென்று இருப்பதற்காகப் பப்பாளிக்காய் விழுது சேர்க்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார். பிரியாணிக் கறிக்கு அவர் அப்படித்தான் செய்வார். இதற்கும் பொருந்துமா? அடுக்குமாடி வீட்டில் புகை ஒரு தொல்லை என்பதால், எந்தப் பாத்திரத்தில் சமைப்பது என்றும் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று தங்கை கணவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கெப்போங் ஆய்வகப் பணியாளர்

சகோதரி, பப்பாளியை விட்டுவிடுங்கள். அதிலுள்ள பப்பாயின் நொதி புரதத்தைச் சிதைக்கிறது. முழுத்துண்டில் அது மேற்பரப்பிலிருந்து மெதுவாக வேலை செய்யும்; அரைத்த கறியில் எல்லாத் துணுக்குகளின் மேலும் ஒரே நேரத்தில் படுவதால் கொஞ்ச நேரத்திலேயே களியாக்கிவிடும். உங்கள் மாமியாரின் பிரியாணிக்கு அது நல்லது. இங்கே வேண்டியதில்லை, ஏனென்றால் அரவை இயந்திரம் ஏற்கெனவே நாரை வெட்டிவிட்டது.

இளஞ்சிவப்பு விஷயத்தில் உங்கள் உள்ளுணர்வே சரி. முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். வெளிப்புறம் நன்றாகச் சுட்டுவிட்டால் உள்ளே சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு. அரைக்கும்போது அந்த வெளிப்புறம் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. எனவே அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிறத்தை நம்பாதீர்கள், சில சமயம் 71 பாகையைத் தொடும் முன்னரே உட்புறம் பழுப்பாகிவிடும், சில சமயம் தொட்ட பிறகும் சிவப்பு மிஞ்சியிருக்கும். ஊசி முனை கொண்ட எண்ணிம வெப்பமானியை பேட்டியின் பக்கவாட்டிலிருந்து நடுவரை செருகிப் பாருங்கள். மேலிருந்து குத்தினால் முனை கல்லுக்கு அருகில் போய்த் தவறான அளவைக் காட்டும். போதிய கொழுப்புள்ள தோள்பட்டைக் கறி 71 பாகையிலும் சாறோடுதான் இருக்கும், ஆகவே உங்கள் தங்கை கணவருக்கும் குறை இராது.

விருந்து நாளில் தட்டிய பேட்டிகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு அரட்டையில் இறங்கிவிட வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் பச்சைக் கொத்துக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பதும் கூடாது. திருவிழா நாள்களில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

பட்டர்வொர்த் சமையற்காரர்

பாத்திரத்துக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் கனமான இரும்புத் தோசைக்கல்லைவிடச் சிறந்தது கிடையாது, ஓரம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் கொழுப்பு வழியாது. மெல்லிய ஒட்டாப் பாத்திரம் வேண்டாம். குளிர்ந்த பேட்டியை வைத்தவுடனே அதன் சூடு இறங்கிவிடும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் லேசாகத் தடவினாலே போதும், கறியிலிருந்தே தேவையான கொழுப்பு இறங்கும். புகைக்குப் பெருங்காரணம் நாம் கூடுதலாக ஊற்றும் எண்ணெய்தான்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டியை வைத்து, நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில், தொடாமல் விடுங்கள். பழுப்பு நிறப் பொருக்கு உருவானதும் அது தானே கல்லை விட்டுவிடும். அதற்கு முன் கரண்டியை நுழைத்தால்தான் உதிரும். 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பக்கத்துக்கு நான்கு நிமிடம் என்று தொடங்கி, மீதியை வெப்பமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள். சொய்ங் என்று கேட்கும் அந்தச் சத்தம் உங்கள் சாறு ஆவியாகிற சத்தம். கரி அடுப்பில் செய்பவர்கள், கொழுப்பு சொட்டித் தீ மேலெழும்போது பேட்டியைத் தள்ளி வைக்கக் கரியில்லாத ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பங்சார் அக்கா

கழுவும் விஷயத்தில் பாதி மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மசாலா வெளியே என்று தீர்மானமாகிவிட்டால் அது என் துறை, எழுதிவிடுகிறேன். ஆட்டுக் கொழுப்பு கோழிக் கொழுப்பைப் போல அல்ல, கொஞ்சம் ஆறினாலே அண்ணத்தில் படியும். அதை வெட்டப் புளிப்பு வேண்டும். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்து, அதில் புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றை அரைத்துக் கலந்தால் மயோனைஸ் பக்கமே போக வேண்டியதில்லை. வெங்காயத்தை வளையமாக மெல்லியதாக அரிந்து, உப்பும் கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் காரம் தணிந்து இளஞ்சிவப்பாகத் துவளும். வெள்ளரிக்காயை அரிந்து விதைப் பகுதியை நீக்கிவிடுங்கள், பன் நனையாது. தக்காளி சாஸை நான் வைப்பதில்லை. ஆட்டிறைச்சிக்கு இனிப்பு சேர்ந்தால் எனக்குப் பிடிப்பதில்லை, மற்றவர்கள் சண்டைக்கு வரலாம்.

சாலையோர பர்கர் கடைகளில் பேட்டியை முட்டையில் சுற்றி, சாஸும் மயோனைசும் ஊற்றித் தரும் ஸ்பெஷல் பர்கர் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கம். அப்படிச் செய்ய ஆசைப்பட்டால் பாய் சொன்ன மெல்லிய கெபாப் பேட்டிதான் ஏற்றது. தடிமனான பேட்டியை முட்டையில் சுற்றினால் அது மடிப்புக்கு அடங்காது. கல்லில் அரும்பாடுபட்டு ஏற்றிய பொருக்கும் முட்டையின் ஈரத்தில் இளகிவிடும்.

ஜார்ஜ்டவுன் பாய்

அக்கா, அந்த முட்டைச் சுற்றை நாங்கள் வெகு நாள்களாகச் செய்து வருகிறோம். ஆக, மெல்லிய பேட்டிக்கும் இந்த இழையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது, சமையற்காரர் கவனிக்கவும்.

செந்தூல் இல்லத்தரசி

நேற்று விருந்து முடிந்தது. தோள்பட்டைக் கறியைப் பெரிய துளைத் தட்டில் ஒருமுறை மட்டும் அரைத்துத் தரும்படி சந்தைக் கடைக்காரரிடம் கேட்டேன். கட்லெட்டுக்கா என்று கேட்டுவிட்டு, இரண்டாம் முறையும் அரைக்கப் போனவரைக் கைநீட்டித் தடுக்க வேண்டியிருந்தது. உப்பைக் கடைசியில் தூவியதும் கரண்டியை எட்ட வைத்ததும் உண்மையிலேயே பலன் தந்தன. ஒன்றுகூட உதிரவில்லை, நடுவில் குழி வைத்தவை சமமாகவே வந்தன. மாமியாருக்காகப் பாய் முறையில் கொஞ்சம் தனியாகச் செய்தேன். அவரும் தங்கை கணவரும் அதைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் தடிமனானதை விடவில்லை. இப்போது தட்டிய பச்சைப் பேட்டிகளும் வெந்தவை சிலவும் மீந்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

கெப்போங் ஆய்வகப் பணியாளர்

பச்சைப் பேட்டிகள் நேற்று முழுவதும் குளிர்பெட்டியிலேயே இருந்தவையானால், ஒவ்வொன்றுக்கும் இடையில் வெண்ணெய்த்தாள் வைத்து அடுக்கி, காற்றுப் புகாத பையில் இன்றே உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள்; அரைத்த கறியைக் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் மூன்று, நான்கு மாதம் வரை சுவை குன்றாது. மேசையில் கிடந்தவை என்றால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் சமையற்காரர்

வெந்தவற்றை மறுபடியும் பர்கராக்க முயல வேண்டாம், சூடேற்றும்போது எப்படியும் இறுகும். பொடியாக உதிர்த்து, கல்லில் அதன் கொழுப்பு உருகும்வரை புரட்டி, அதிலேயே வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள் போட்டு மீகோரெங் என்னும் நூடுல்ஸ் வறுவலுக்கோ முட்டை பரோட்டாவின் உள்ளேயோ சேர்த்துவிடுங்கள். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள்; பேட்டியின் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கிறது.